அகச்சிவப்புத் தொலைநோக்கியின் உயிர் கண்ணாடியிலா, குளிரிலா?

2025 ஜூன் 14, மாலை. உப்புவெளியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அண்ணா, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 1000 கோடி டொலர் செலவானது என்கிறார்கள். அதன் கண்ணாடி 6.5 மீற்றர்தான். ஹவாயின் மௌனா கியா மலையில் 10 மீற்றர்க் கண்ணாடிகள் 1990களிலிருந்தே இயங்குகின்றன. பெரிய கண்ணாடிதான் கூடுதல் ஒளியைச் சேர்க்கும் என்று உயர்தரப் பௌதிகவியலில் படித்தோம். அப்படியிருக்க, பழுதானால் எவரும் போய்ச் சேர முடியாத 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவுக்குச் சிறிய கண்ணாடியொன்றை அனுப்பியது வீண்செலவு என்றே நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜூன் 14, இரவு

தம்பி, உங்கள் கணக்குப் பிழையில்லை. ஆனால் அது கட்புலனாகும் ஒளிக்கான கணக்கு. அகச்சிவப்பில் தொலைநோக்கியே ஒளிர்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலை உள்ள எந்தப் பொருளும் கதிர்வீசும். அந்தக் கதிர்ப்பு எந்த அலைநீளத்தில் உச்சம் பெறும் என்பதை வீனின் விதி சொல்கிறது: 2898ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் மைக்ரோமீற்றரில் விடை வரும். சூரியனின் மேற்பரப்புக்கு அது 0.5 அளவில் அமைகிறது. நம் கண் பார்ப்பதும் அந்த ஒளியைத்தான். பூச்சியப் பாகை செல்சியசில் இருக்கும் ஒரு மலைத் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு 10.6 மைக்ரோமீற்றர். தூசுப் படலங்களும், பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களைச் சுற்றியுள்ள வட்டுகளும் பேசுகின்ற அலைநீளமும் அதுவே. அவற்றின் மெல்லிய குரலைக் கேட்க வேண்டிய கண்ணாடி, அதே அலைநீளத்தில் இரவும் பகலும் தானே கதிர்வீசிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியைப் பெரிதாக்கினால் அந்த இரைச்சலும் கூடவே பெரிதாகும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் (இனி 'வெப்' என்றே எழுதுகிறேன்) கண்ணாடி 50 கெல்வின், அதாவது பூச்சியத்துக்குக் கீழே சுமார் 223 பாகை செல்சியஸ், அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறது. உச்சம் 58 மைக்ரோமீற்றருக்கு அப்பால் போய்விடும். வெப் பார்ப்பது 0.6 முதல் 28 மைக்ரோமீற்றர் வரை.

ஜூன் 15

நேற்று எழுதியது சூத்திரம். கையில் பிடித்துப் பார்த்ததை இன்று எழுதுகிறேன்.

தொழில்முறையில் நான் மின்விநியோகப் பலகைகளையும் குளிர் அறைகளையும் பரிசோதிக்கிறவன். வெப்பக் கமரா என் கைக்கருவி. இறுக்கம் தளர்ந்த ஒரு மின்முனை, தொடாமலே, திரையில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். இந்தக் கமராவைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு சத்தம் நன்கு பழக்கம்: சிறிது நேரத்துக்கு ஒருமுறை உள்ளே 'கிளிக்' என்று கேட்கும், படம் ஒரு கணம் உறையும், பிறகு தெளிந்து தொடரும். கமரா தன் கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு மூடியைப் போட்டு, அந்த மூடியைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நேரம் அது. அதன் சொந்த உடம்பின் சூடு படத்துக்குள் வந்து கலப்பதால்தான் இந்தத் திருத்தம் தேவைப்படுகிறது. வெயிலில் நின்று வேலை செய்யும்போது கமரா சூடேற ஏற இந்தக் கிளிக் அடிக்கடி கேட்கும். 50 பாகை சூடான ஒரு மின்முனையைப் பார்க்க இந்தத் திருத்தம் போதும். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலத்தைப் பார்க்க, மூடி போட்டுக் கழித்துக்கொள்ளும் வித்தை மட்டும் போதவே போதாது. கருவியின் சூட்டையே இல்லாமற் செய்ய வேண்டும்.

முகில் இல்லாத ஓர் இரவில் திருகோணமலையின் டச்சுக் குடாக் கரையில் நின்று இதே கமராவை வானத்துக்கு நீட்டினேன். தலைக்கு நேர் மேலே திரை கறுப்பு. மெல்லத் தாழ்த்தத் தாழ்த்தக் கறுப்பு சாம்பலாகி, கடலை அண்டிய அடிவானத்தில் ஏறத்தாழ வெள்ளையாகிவிட்டது. கண்ணுக்கு அந்த அடிவானம் முழு இருட்டு. திரையில் தெரிந்தது நீராவி. தாழ்வாகப் பார்க்கும்போது நமது பார்வைக் கோடு அதிகத் தடிப்பமான காற்றை ஊடறுக்கிறது; அந்தக் காற்றிலுள்ள நீராவி தன் வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. இடப்பக்கம் கோணேசர் மலையின் பாறை, பகல் முழுவதும் குடித்த வெயிலை இன்னும் விடாமல் வெள்ளையாக நின்றது. விண்மீன் ஒன்றுகூட இல்லை. கண்ணால் பார்த்தால் வானம் நிறைய விண்மீன்கள்.

நிலத்திலிருந்து அகச்சிவப்பு வானியல் செய்பவர்களின் பாடு இதுதான். வளிமண்டலம் இரண்டு வகையில் கெடுக்கிறது: வரும் ஒளியை விழுங்குகிறது, தானும் ஒளிர்கிறது.

ஜூன் 17

"அப்படியானால் மலை உச்சியில் அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் ஏன் இருக்கின்றன?" என்று மூதூர் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, என் முதற் குறிப்பை அது கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது.

வளிமண்டலம் எல்லா அலைநீளத்தையும் அடைப்பதில்லை. 1.25, 1.65, 2.2 மைக்ரோமீற்றரைச் சுற்றிச் சன்னல்கள் திறந்திருக்கின்றன; 3.5ஐயும் 10ஐயும் சுற்றி அரைகுறைச் சன்னல்கள் உண்டு. மௌனா கியா 4200 மீற்றர் உயரம், நீராவியின் பெரும்பகுதி அதற்குக் கீழே தங்கிவிடும். போயிங் 747 விமானமொன்றின் பக்கச் சுவரைத் திறந்து, 2.5 மீற்றர்த் தொலைநோக்கியைப் பொருத்தி, நீராவிக்கு மேலே பறந்து பார்த்த சோஃபியா திட்டமும் 2022 வரை இயங்கியது. ஆகவே நிலத்திலிருந்து எதுவுமே முடியாது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது. திறந்திருக்கும் சன்னல்களில், பிரகாசமான பொருள்களைப் பார்ப்பதில், 10 மீற்றர்க் கண்ணாடிகள் வெப்பைவிட நுணுக்கமாகவே பார்க்கும். சன்னல் மூடிய இடத்தில் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் தெரியாது.

ஜூன் 22

வெப்புக்கு முன்னிருந்தவற்றைப் பற்றி எழுதாமல் வெப்பின் வடிவமைப்பை விளக்க முடியாது. இந்தத் துறையின் வரலாறு பெரும்பாலும் ஹீலியம் தீர்ந்துபோன வரலாறு.

1983 ஜனவரியில் ஏவப்பட்ட ஐராஸ், அமெரிக்கா, நெதர்லாந்து, பிரித்தானியா மூன்றும் சேர்ந்து செய்தது. 57 சென்ரிமீற்றர்க் கண்ணாடி. திரவ ஹீலியம் நிரப்பிய குளிர்க்கலத்துக்குள் தொலைநோக்கி முழுவதும் இருந்தது. ஹீலியம் ஆவியாகித் தீரப் பத்து மாதம். அதோடு வாழ்வு முடிந்தது. அந்தப் பத்து மாதத்தில் வானத்தின் 96 வீதத்தைப் பார்த்து முடித்தது. வேகா விண்மீனைச் சுற்றித் தூசு இருப்பதையும் காட்டியது. இன்னொரு சூரியனைச் சுற்றிக் கோள்களுக்கான மூலப்பொருள் கிடக்கிறது என்பதற்குக் கிடைத்த முதற் சான்று அது.

2003 ஓகஸ்டில் போன ஸ்பிட்சர் ஒரு புத்திசாலித்தனமான மாற்றத்தைச் செய்தது. தொலைநோக்கியைக் குளிர்க்கலத்துக்கு வெளியே, அறை வெப்பநிலையிலேயே வைத்து ஏவினார்கள். பூமியை விட்டு விலகி, அதற்குப் பின்னால் சூரியனைச் சுற்றும் பாதையில், விண்வெளியின் குளிரே அதன் சூட்டைப் பெருமளவு உறிஞ்சிக்கொண்டது. மிச்சத்துக்கு மட்டும் ஹீலியம். 360 லீற்றர் ஹீலியத்தோடு ஐந்தரை ஆண்டுக்கு மேல் நின்று பிடித்தது. ஒப்புநோக்க, 2009 இல் ஐரோப்பா அனுப்பிய ஹேர்ஷெல், 3.5 மீற்றர்க் கண்ணாடியோடு 2300 லீற்றருக்கு மேல் ஹீலியம் கொண்டுபோயும் 2013 ஏப்ரலில் ஓய்ந்தது. அது பார்த்த அலைநீளங்கள் மிக நீண்டவை. அவற்றுக்கு உணரிகளை இன்னும் கடுமையாகக் குளிர்விக்க வேண்டியிருந்தது.

ஸ்பிட்சரின் ஹீலியம் 2009 மே மாதத்தில் தீர்ந்தது. ஆனாலும் ஹீலியம் இல்லாமலே அது 28 கெல்வின் அளவில் நின்றது. குறுகிய அலைநீளமான 3.6, 4.5 மைக்ரோமீற்றர் உணரிகள் இரண்டும் 2020 ஜனவரி வரை வேலை செய்தன. டிராப்பிஸ்ட்-1 என்னும் சிறு விண்மீனை ஏறத்தாழ 20 நாள்கள் தொடர்ந்து பார்த்து, அங்கே ஏழு கோள்கள் இருப்பதை நிறுவ உதவியது அந்த "சூடான" காலத்தில்தான். 2017 பெப்ரவரியில் அறிவித்தார்கள்.

ஜூன் 23

நேற்றைய குறிப்புக்கு ஓர் இணைப்பு. ஹீலியம் இல்லாமல், நிழலும் வெற்றிடமும் இருந்தாலே 28 கெல்வினை எட்டலாம் என்பதுதான் ஸ்பிட்சரில் நான் அதிகம் மதிப்பது. வெப்பின் வடிவமைப்பாளர்கள் இந்த உண்மையின் மேல்தான் முழு வீட்டையும் கட்டினார்கள். குளிர்க்கலத்துக்குள் அடைத்தால் 6.5 மீற்றர்க் கண்ணாடிக்கு வேண்டிய ஹீலியத்தை எந்த ரொக்கெட்டும் தூக்காது.

ஜூலை 2

இனி, வெப்புக்குச் சூரியனிடமிருந்து நிழல் தரும் குடையைப் பற்றி. வெப்பின் உயிர் என்று நான் சொல்வது இதைத்தான். கண்ணாடியை அடுத்ததாகவே வைப்பேன்.

21 மீற்றர் நீளம், 14 மீற்றர் அகலம். கப்டன் என்னும் தாங்குதிறன் மிக்க பிளாஸ்ரிக் படலத்தில் ஐந்து அடுக்கு. சூரியனைப் பார்க்கும் முதல் அடுக்கு 0.05 மில்லிமீற்றர் தடிப்பு. மற்ற நான்கும் 0.025 மில்லிமீற்றர். எல்லாவற்றிலும் அலுமினியப் பூச்சு, சூரியன் பக்கமுள்ள இரண்டில் மேலதிகமாகச் சிலிக்கன் பூச்சு. சூரியப் பக்கம் சுமார் 85 பாகை செல்சியஸ். நிழற்பக்கம் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 233 பாகை.

ஒரே தடித்த அடுக்காகச் செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள், அடுக்குகளுக்கு இடையிலுள்ள வெளியைக் கவனிக்க வேண்டும். அடுக்குகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் நெருங்கி, விளிம்பில் விரிந்து, ஆப்பு வடிவ இடைவெளிகளாக அமைந்திருக்கின்றன. முதல் அடுக்குத் தாண்டிவிட்ட சூடு, இரண்டு பளபளப்பான முகங்களுக்கு இடையில் பட்டுப் பட்டுத் தெறித்து, விரிந்த விளிம்பு வழியாகப் பக்கவாட்டில் விண்வெளிக்கு ஓடிவிடுகிறது. இடையில் காற்று இல்லாததால் கடத்தலும் மேற்காவுகையும் கிடையாது. குளிர் அறைக் கதவின் இறப்பர் விளிம்பில் ஒரு விரற்கடை இடைவெளி விழுந்தால் அதனூடே எவ்வளவு சூடு புகும் என்பதை அன்றாடம் பார்க்கிறவனுக்கு, ஐந்து தாள்களை வைத்து 300 பாகைக்கு மேற்பட்ட வித்தியாசத்தைத் தாங்க வைத்திருக்கும் இந்தக் கைத்திறனைப் பார்த்து வியப்பு அடங்குவதில்லை.

15 இலட்சம் கிலோமீற்றர் ஏன் என்பதற்கும் இங்கேதான் விடை. குடை ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைப்போல் 500 கிலோமீற்றரை ஒட்டிய உயரத்தில் சுற்றினால், ஒரு பக்கம் சூரியன் காய்ச்சும், மறுபக்கம் பூமி காய்ச்சும். பூமியே 10 மைக்ரோமீற்றரில் ஒரு பெரிய அடுப்பு. சூரியனுக்கு எதிர்ப்புறமாகப் பூமிக்கு அப்பால் 15 இலட்சம் கிலோமீற்றரிலுள்ள இரண்டாம் லக்ராஞ்சிப் புள்ளியைச் சுற்றினால் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் எப்போதும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒரு குடை மூன்றையும் மறைக்கும். அந்தப் புள்ளியில் நேராக நிற்காமல் அதைச் சுற்றி அகன்ற பாதையில் ஓடுவதால் பூமியின் நிழலிலும் விழாது, சூரிய மின்கலங்களுக்கு ஒளி தடைப்படாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. குடைக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியிருப்பதால் வெப் நினைத்த திசைக்கெல்லாம் திரும்ப முடியாது. எந்த ஒரு நாளிலும் வானத்தின் 39 வீதம்தான் அதற்கு எட்டும். ஆறு மாதத்தில் முழு வானமும் முறை வைத்து வரும்.

ஜூலை 3

குடை மட்டும் போதாத ஓர் இடம் உண்டு. மிரி என்னும் நடு அகச்சிவப்புக் கருவியின் உணரிகள் 7 கெல்வினுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு ஒரு குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். ஹீலியம் வாயு மூடிய சுற்றில் ஓடுவதால் தீர்ந்துபோகாது. கொம்பிரசரைக் குடையின் சூடான பக்கத்தில் வைத்து, சுமார் 10 மீற்றர்க் குழாய் வழியாகக் குளிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதிர்வு கண்ணாடியை எட்டக் கூடாது என்பது இன்னொரு கட்டாயம். கொம்பிரசரின் அதிர்வைச் சுவரில் கை வைத்தே உணரலாம் என்பதை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமான வேலை என்று புரியும்.

ஜூலை 9

கண்ணாடியைப் பற்றியும் எழுதுமாறு உப்புவெளித் தம்பி வற்புறுத்துகிறார்.

அறுகோணத் துண்டுகள் 18. ஒவ்வொன்றும் 1.32 மீற்றர் அகலம். பெரிலியம் உலோகத்தால் ஆன அடித்தளம் சுமார் 20 கிலோகிராம். பெரிலியத்தைத் தெரிந்தெடுத்ததும் குளிருக்காகத்தான்: பாரம் குறைவு, விறைப்பு அதிகம், ஆழ்ந்த குளிரில் அதன் வடிவம் மிகக் குறைவாகவே மாறும். அந்தக் குறைவான மாற்றத்தையும் விட்டுவைக்கவில்லை. துண்டுகளைக் குளிர்க்கூடத்தில் வைத்துக் குளிர்வித்து, எப்படிச் சுருங்குகின்றன என்று அளந்து, அந்தச் சுருக்கத்துக்கு எதிர்மாறாக மீண்டும் தேய்த்தார்கள். அறையில் சற்றுப் பிசகிய வடிவில் இருந்த கண்ணாடி, விண்வெளியின் குளிரில்தான் சரியான வடிவத்துக்கு வரும்.

மேலே தங்கப் பூச்சு. அகச்சிவப்பை மிகச் சிறப்பாகத் தெறிக்கச் செய்வது தங்கம். 100 நனோமீற்றர் தடிப்பில், 18 துண்டுகளுக்கும் சேர்த்து 48 கிராம், நம் ஊர்க் கணக்கில் ஆறு பவுண்.

ஜூலை 10

நோக்கத்தைச் சொல்லாமல் கருவியை மட்டும் புகழ்ந்துகொண்டிருக்கிறேன் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். அதற்கே வருகிறேன்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெப்பக் கமராவைக் காட்டும்போது, கறுப்புச் சொப்பிங் பை ஒன்றுக்குள் ஒரு பிள்ளையைக் கையை விடச் சொல்வேன். கண்ணுக்குக் கறுப்புப் பை மட்டும் தெரியும். திரையிலோ ஐந்து விரலும் பளிச்சென்று தெரியும். பை காணாமற் போய்விடும். அடுத்து, தெளிந்த சன்னற் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வேன். கமராவுக்கு அது சுவர். கை தெரியாது, பார்ப்பவரின் உருவம்தான் அதில் பிரதிபலிக்கும். எது ஒளியை விடும், எது விடாது என்பது அலைநீளத்தைப் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை. விண்மீன்கள் பிறப்பது அடர்ந்த தூசுக்குள். கட்புலனாகும் ஒளியை அந்தத் தூசு தடுத்துவிடும். அகச்சிவப்பு ஊடுருவி வெளியே வரும்.

அடுத்த நோக்கம் மிகத் தொலைவு. 2024 இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்னும் விண்மீன் மண்டலத்தின் ஒளி, பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 30 கோடி ஆண்டில் புறப்பட்டது. பிரபஞ்சம் விரிந்ததால் அதன் அலைநீளம் 15 மடங்குக்கு நீண்டுவிட்டது. ஐதரசனின் 0.1216 மைக்ரோமீற்றர்ப் புறஊதாக் கோடு இப்போது 1.8ஐத் தாண்டி வந்து நிற்கிறது. அதைவிடக் குறுகிய ஒளியை இடையிலுள்ள ஐதரசன் விழுங்கிவிடும். ஹபிளின் கமரா 1.7 உடன் முடிகிறது. எத்தனை மாதம் பார்த்தாலும் அதற்கு இந்த மண்டலம் இல்லாத பொருளே. அந்த 1.8ஐ அடுத்த பட்டையைத்தான் நிலத்தில் நீராவி அடைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, வேற்றுக் கோள்களின் காற்று. 2022 ஓகஸ்டில், சுமார் 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி கோளின் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு இருப்பதை வெப் தெளிவாகக் காட்டியது. அதன் தடயம் 4.3 மைக்ரோமீற்றரில் இருக்கிறது. நம் காற்றிலும் அதே காபனீரொட்சைட்டு இருப்பதால், அதே 4.3 இங்கே மூடிய சன்னல். தம்பி கேட்ட 10 மீற்றர்க் கண்ணாடிக்கு மட்டுமல்ல, 100 மீற்றர்க் கண்ணாடி கட்டினாலும் அந்தத் தடயம் நிலத்துக்கு வராது.

ஜூலை 12

வெப் படங்களின் நிறங்கள் பொய்யா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: வெப் ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் தனித்தனியே படம் எடுக்கிறது. நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். என் வெப்பக் கமராவின் திரையும் இதே வகையான ஏற்பாடுதான். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேறு வழியில்லை.

ஜூலை 27

"பழுதானால் யார் போவது?" என்ற பகுதிக்கு இன்னும் விடை எழுதவில்லை.

எவரும் போக முடியாது. 2021 டிசம்பர் 25 இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து மடித்த நிலையில் புறப்பட்ட தொலைநோக்கி விரிவதற்கு 178 விடுவிப்புப் பொறிகள் பிசகாமல் இயங்க வேண்டியிருந்தது. குடையின் படலங்களை மடித்துப் பிடித்திருந்தவை மட்டும் 107. ஒன்று சிக்கியிருந்தாலும் போதும். ஜனவரி 4 இல் ஐந்து அடுக்கும் இழுத்து இறுக்கப்பட்ட செய்தி வந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. 2022 மே மாதத்தில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய துகளொன்று சி3 என்னும் கண்ணாடித் துண்டில் மோதியது. அந்தத் தழும்பை முழுதாக ஆற்ற முடியவில்லை. மொத்தப் பார்வைக்குப் பெரிய கேடும் வரவில்லை. அதன்பின் தொலைநோக்கி ஓடும் திசையை நேருக்கு நேர் பார்க்கும் அவதானிப்புகளைக் குறைத்துக்கொண்டார்கள். மறுபக்கம், ஏரியன் ரொக்கெட் குறி தவறாமல் கொண்டுபோய் விட்டதால் மிஞ்சிய எரிபொருள் 20 ஆண்டுக்கு மேல் போதும்.

செலவைப் பற்றி என் எண்ணம் இந்த வாரங்களில் கொஞ்சம் மாறியிருக்கிறது. செலவும் தாமதமும் எல்லை மீறின என்பதை மறுக்க மாட்டேன். 2011 இல் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று திட்டத்தையே நிறுத்த முன்மொழிந்தது. அந்தக் கோபம் நியாயமற்றது என்று இப்போது நான் நினைக்கவில்லை. ஆனால் வீண்செலவு என்பதை ஏற்க மாட்டேன். வேறு எந்த வழியிலும் கிடைக்காத ஒளிக்குக் கொடுத்த விலை அது.

ஓகஸ்ட் 3

உயர்தர மாணவி ஒருவர், இந்தத் தரவுகள் நமக்கும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கிடைக்கும். முன்மொழிந்த ஆய்வாளருக்கு வழமையாக ஓராண்டு வரை தனியுரிமை. பிறகு எல்லாம் பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் காப்பகத்தில் இலவசம். கணிசமான அவதானிப்புகள் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கின்றன.

முதலில், விண்மீன்கள் பிறக்கும் தூசு முகிலான கழுகு நெபுலாவின் தூண்களைத் தேடுங்கள், பிள்ளை. வெப்பின் அண்மை அகச்சிவப்புக் கமராவான நியர்காம் எடுத்ததும் மிரி எடுத்ததும் இரண்டும் உண்டு. நியர்காம் படத்தில் தூசை ஊடுருவி ஏராளமான விண்மீன்கள் தெரியும். மிரி படத்தில் அவற்றுட் பெரும்பாலானவை மறைந்து, தூசு ஓங்கி நிற்கும்; சூடான விண்மீன் நீண்ட அலைநீளத்தில் மங்கிவிடுகிறது, குளிர்ந்த தூசு அங்கேதான் ஒளிர்கிறது. வடிகட்டிவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த விண்மீன் எப்போது மறைகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். கோப்புகள் மிகப் பெரியவை; கைத்தொலைபேசித் தரவில் இறக்க வேண்டாம். பாடசாலைக் கணினிக் கூடத்தில் அனுமதி கேளுங்கள், திறப்பதற்கான இலவச மென்பொருளை நான் கொண்டுவந்து நிறுவித் தருகிறேன்.